கணைய அறுவை சிகிச்சைக்காக வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி கேட்ட தம்பி கோலாலம்பூரின் செந்தூலில் இருக்கிறார். அவர் எழுதியதன் சுருக்கம் இது. அப்பாவுக்கு 63 வயது. கண்ணும் தோலும் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பு எடுத்ததால் தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி இருப்பது தெரிந்தது. பெரிய ரத்தக் குழாய்களைக் கட்டி பிடிக்கவில்லை, ‘விப்பிள்’ அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடலாம் என்கிறார் நிபுணர். மருத்துவமனை கொடுத்த மதிப்பீடு 80,000 முதல் 100,000 ரிங்கிட். அப்பாவின் பழைய மருத்துவ அட்டையில், அதாவது மருத்துவக் காப்புறுதியில், ஆண்டு வரம்பு 60,000 ரிங்கிட்தான். மீதிப் பணத்துக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா? அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் காலம் கடந்துவிடுமா? சென்னைக்குக் கூட்டிப் போவது மேலா?

நான் மருத்துவர் இல்லை. கோலாலம்பூர் தனியார் மருத்துவமனையில் பில்லிங் பிரிவில் பல வருஷம் இருந்தவள். இந்த அறுவை சிகிச்சையின் பில்களை முதல் நாள் டெபாசிட்டிலிருந்து கடைசி நாள் வரை பார்த்திருக்கிறேன். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்து அழுத குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து முதலில் நேரடிப் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: வீட்டைத் தொடாதீர்கள் தம்பி. நம் நாட்டில் இந்த அறுவை சிகிச்சையை நன்றாகச் செய்யும் இடங்களில் முக்கியமானவை அரசாங்க மருத்துவமனையும் பல்கலைக்கழக மருத்துவமனைகளும்தான். பணமில்லாதவருக்கு ஒதுக்கப்பட்ட இரண்டாம் தர வழி என்று அதை நினைக்க வேண்டாம்.

சரி, ஏன் இவ்வளவு செலவு? விப்பிள் என்பது கட்டியை மட்டும் வெட்டி எடுக்கும் வேலை இல்லை. கணையத்தின் தலை, அதை ஒட்டிய முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, சிலருக்கு இரைப்பையின் அடிப்பகுதியும் எல்லாம் ஒன்றாக வெளியே வரும். பிறகு மிச்சமுள்ள கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றையும் சிறுகுடலோடு தனித்தனியாக இணைக்க வேண்டும். சாதாரணமாக ஐந்து ஆறு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். அறுவை நிபுணர், உதவி நிபுணர், மயக்க மருந்து நிபுணர், அறுவைக் கூடத்தின் மணி நேரக் கட்டணம், திசுவை வெட்டும்போதே ரத்தத்தை அடைக்கும் கருவி, குடலைத் தைக்கும் ஸ்டேப்ளர், ரத்தம், பிறகு ஐசியூ என்று வரிசையாகச் சேர்ந்துகொண்டே போகும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. தனியார் மருத்துவமனையில் மருத்துவர் வாங்கும் கட்டணத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள் ஒழுங்குமுறையின் 13ஆவது அட்டவணையில் அது வரும், 2013இல் அதை உயர்த்தினார்கள். ஆனால் அறை, மருந்து, கருவி, ஊசி, பஞ்சு, அறுவைக் கூடம் ஆகியவற்றுக்கு மருத்துவமனை போடும் விலைக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது. ஒரு பெரிய அறுவை சிகிச்சையின் பில்லில் கணிசமான பங்கு அந்தப் பக்கம்தான். அதனால் “டாக்டர் தெரிந்தவர், ஃபீஸைக் குறைத்துக்கொள்வார்” என்ற நம்பிக்கையில் கணக்குப் போட்டால் சரிவராது. அவர் நல்ல மனதோடு குறைத்தாலும், அவர் குறைக்கக்கூடியது அவருடைய பங்கை மட்டுமே.

இனி அந்த மதிப்பீட்டுத் தாளைப் பார்ப்போம். 80,000 முதல் 100,000 என்பது எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஆகும் தொகை: அறுவை முடிந்து ஓரிரு நாள் ஐசியூ, பத்து நாள் வார்டு, நடந்து வீட்டுக்குப் போவது. பலருக்கு அப்படித்தான் நடக்கிறது. ஆனால் நல்ல அனுபவமுள்ள இடங்களில்கூட விப்பிள் செய்துகொள்பவர்களில் மூன்றில் ஒருவருக்காவது, சில இடங்களில் பாதிப் பேர் வரைக்கும், ஏதாவது ஒரு சிக்கல் வருகிறது. பெரும்பாலும் மருத்துவரின் தவறால் வருவதில்லை, இந்த உறுப்பின் இயல்பே அப்படி.

கணையம் ஜீரண நீரைச் சுரக்கும் உறுப்பு. அது மென்மையாக இருந்தால் வெண்ணெயில் தையல் போடுவது போல, நூல் அறுத்துக்கொண்டு போகும். இணைத்த இடத்தில் சிறு கசிவு வந்தாலும் அந்த நீர் சுற்றியுள்ள திசுவைத் தின்ன ஆரம்பிக்கும். சிகிச்சை தேவைப்படும் அளவுக்கான கசிவு பத்துப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும். வந்தால் என்ன நடக்கும் என்பதைப் பில்லில் படித்தவள் சொல்கிறேன். திரும்பத் திரும்ப சிடி ஸ்கேன். ஸ்கேன் பார்த்தபடியே வயிற்றுக்குள் குழாய் செருகி நீரை வெளியேற்றுவது. விலை கூடிய ஆன்டிபயாடிக். வாயால் சாப்பிட முடியாமல் ரத்த நாளம் வழியாக ஏற்றும் ஊட்டச்சத்து. சில நாள் ஐசியூவுக்குத் திரும்புவது. தொற்று நிபுணர், நுரையீரல் நிபுணர், சிறுநீரக நிபுணர் என்று ஒவ்வொருவரும் தினமும் வந்து பார்க்கும் கட்டணம் வேறு. கசிந்த நீர் ஒரு ரத்தக் குழாயை அரித்துவிட்டால், இரண்டாம் மூன்றாம் வாரத்தில் திடீரென்று ரத்தம் கொட்டும். அதைக் குழாய் வழியாகவே போய் அடைக்கும் ரேடியாலஜி நிபுணர் நடுராத்திரியிலும் கிடைக்க வேண்டும். கசிவு இல்லாவிட்டாலும், இரைப்பை வேலை செய்ய மறுத்து, மூக்குக் குழாயோடு வாரக்கணக்கில் படுத்திருப்பவர்களும் உண்டு. பத்து நாள் என்று சொன்னது ஆறு வாரம் ஆகும், பில் மதிப்பீட்டின் இரண்டு மடங்கைத் தாண்டும்.

இந்த அறுவை சிகிச்சையில் குடும்பத்தை முறிப்பது கத்தி வைக்கும் நாளின் செலவில்லை, அதற்குப் பின்னால் வரும் நாட்களின் செலவு. மதிப்பீட்டுத் தொகையையே எட்டிப் பிடிக்க வீட்டை அடமானம் வைக்க வேண்டிய நிலையில் இருப்பவர், அந்தப் பின்னால் வரும் நாட்களுக்கு எங்கே போவார்? அப்போது “அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுங்கள்” என்று கேட்பார்கள். அந்தக் கோரிக்கை என் மேசைக்கு வந்த ஒவ்வொரு முறையும் என் மனம் வலித்தது. ஐசியூவில் குழாய்களோடு இருப்பவரை ஏற்றுக்கொள்ள இன்னொரு மருத்துவமனையில் ஐசியூ கட்டில் காலியாக வேண்டும், அங்குள்ள குழு சம்மதிக்க வேண்டும், அப்பாவின் நிலைமை ஆம்புலன்ஸ் பயணத்தைத் தாங்க வேண்டும். இதெல்லாம் கூடி வரும் வரை இங்கே மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். மாறுவதென்றால் அறுவைக்கு முன்பே மாறிவிட வேண்டும்.

பணத்தை விட்டுவிட்டு உயிரை மட்டும் பார்த்தாலும் இதே பதில்தான் வரும். 2002இல் அமெரிக்காவில் வயதானவர்களின் காப்புறுதிப் பதிவுகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு வெளியானது. கணையத்தை வெட்டும் அறுவை சிகிச்சையை வருஷத்துக்கு ஒன்றுகூடச் சராசரியாகச் செய்யாத மருத்துவமனைகளில் 16.3 சதவீத நோயாளிகள் இறந்தார்கள். வருஷத்துக்கு 16க்கு மேல் செய்யும் இடங்களில் அது 3.8 சதவீதம். வேறு எந்தப் பெரிய அறுவை சிகிச்சையிலும் அந்த ஆய்வில் இவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. நிபுணரின் கை மட்டும் இதற்குக் காரணமில்லை. ராத்திரி மூன்று மணிக்குக் குழாயில் வரும் நீரின் நிறம் மாறியதைக் கவனித்து உடனே கூப்பிடும் தாதி, அழைத்தால் வந்துவிடும் ரேடியாலஜி நிபுணர், இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்துப் பழகிய ஐசியூ எல்லாம் சேர்ந்துதான் ஒருவரைக் காப்பாற்றுகிறது. பளபளப்பான லாபியும் தனி அறையும் அதற்கு உதவாது.

கோலாலம்பூருக்கு வடக்கே இருக்கும் செலாயாங் மருத்துவமனைதான் கல்லீரல், பித்தநாளம், கணையம் ஆகியவற்றுக்கான தேசியப் பரிந்துரை மையம். நாடு முழுவதிலிருந்தும் சிக்கலான நோயாளிகளை அங்கே அனுப்புகிறார்கள். லெம்பா பந்தாயில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை, செராஸில் இருக்கும் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை இரண்டிலும் இதற்கான குழுக்கள் உண்டு. செந்தூலிலிருந்து செலாயாங் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும்.

அங்கே செலவு? சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் மூன்றாம் வகுப்பு வார்டில் குடிமக்களுக்கு நாளுக்கு 3 ரிங்கிட். நிபுணர் கிளினிக்குக்கு மறுபடி போகும் ஒவ்வொரு முறையும் 5 ரிங்கிட், தனியார் கடிதத்தோடு போகும் முதல் முறைக்குக் கொஞ்சம் கூடுதல். அறுவை சிகிச்சைக் கட்டணத்தையும் சேர்த்து, மூன்றாம் வகுப்பில் ஐசியூவில் வாரக்கணக்கில் இருந்தாலும் சில நூறு வெள்ளியில் (ரிங்கிட்டில்) முடிந்துவிடும். அந்த ஐசியூ நாட்களின் உண்மையான விலையை அரசாங்கம் ஏற்கிறது, அதாவது இத்தனை வருஷம் நீங்களும் அப்பாவும் கட்டிய வரி ஏற்கிறது. வாங்கிக்கொள்ள வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டாம், முதல் வகுப்புக் கட்டணங்கள் 2017இல் கூட்டப்பட்டன, ஆகவே வார்டு வகுப்பைக் கேட்கும்போது யோசித்துச் சொல்லுங்கள். பல்கலைக்கழக மருத்துவமனைகளின் கட்டண அட்டவணை வேறு, கொஞ்சம் கூடுதல். அங்கேயும் தனியாரோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவுதான், ஆனால் அதே கட்டடத்தோடு சேர்ந்த தனியார் பிரிவுக்குள் தெரியாமல் நுழைந்துவிடாதீர்கள். பதிவு செய்யும்போதே எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது அரசாங்க வேலையில் இருக்கிறார்களா? நீங்கள் எழுதவில்லை, அதனால் கேட்கிறேன். அரசு ஊழியரின் பெற்றோருக்கும் அரசாங்க மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை உரிமை இருக்கிறது. தங்கை தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தால் அவர் பெயரில் உறுதிக் கடிதம் எடுத்துக் கொடுத்தால் போதும். இது தெரியாமல் பணம் கட்டிய ஆசிரியர் குடும்பங்கள் நிறைய.

காலம் கடந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. ஆனால் சந்தேகத்துக்குரிய கணையப் புற்றுநோயைக் குடலிறக்கத்தோடு ஒரே வரிசையில் நிறுத்த மாட்டார்கள். வரிசையை நகர்த்துவதில் குடும்பத்துக்கும் பங்கு இருக்கிறது. இப்போது பார்த்த தனியார் நிபுணரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பொதுவான கடிதமாக இல்லாமல், கட்டியின் அளவு, ரத்தக் குழாய்களின் நிலை, காமாலை எவ்வளவு என்று காட்டும் பிலிருபின் அளவு, எல்லாவற்றையும் எழுதிய கடிதமாக இருக்க வேண்டும். ஸ்கேனின் எழுத்து அறிக்கை மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடியும் வேண்டும். படம் இல்லாவிட்டால் அங்கே மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும், அதற்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ போகும். தனியார் நிபுணர் அந்தத் துறைத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினால் இன்னும் நல்லது. இந்தத் துறை சின்னது, அவர்களில் பலர் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். “நாங்கள் அரசாங்கத்துக்குப் போகிறோம் என்றால் கோபித்துக்கொள்வாரோ” என்று தயங்காதீர்கள். நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார்.

இடையில் காமாலைக்காகப் பித்தநாளத்தில் ஸ்டென்ட், அதாவது அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய், வைக்கலாம் என்று சொல்வார்கள். இதை மட்டும் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், நேரே அறுவைக்குப் போனவர்களில் 39 சதவீதம் பேருக்கும், முதலில் ஸ்டென்ட் வைத்துக் காத்திருந்தவர்களில் 74 சதவீதம் பேருக்கும் கடுமையான சிக்கல்கள் வந்தன. காய்ச்சலோடு தொற்று இருந்தால், பிலிருபின் மிக உயர்ந்திருந்தால், முதலில் கீமோ கொடுக்கப்போகிறார்கள் என்றால், அறுவைக்குப் பல வாரம் ஆகுமென்றால் ஸ்டென்ட் தேவைப்படும். அறுவை அடுத்த வாரமே என்றால் தேவைப்படாமல் போகலாம். ஆகவே, அறுவை செய்யப்போகும் குழு யாரோ அவர்கள் முடிவெடுக்கட்டும். உலோக ஸ்டென்டின் விலை பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு. அவசியமில்லாத ஸ்டென்டுக்கு அட்டையின் வரம்பில் ஒரு பங்கு போய்விட்டால் அது திரும்பி வராது.

முழுக்க அரசாங்க வார்டு வேண்டாம், ஆனால் அந்த நிபுணர்களே வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. முழுக் கட்டண நோயாளித் திட்டம் என்று 2007இல் செலாயாங்கிலும் புத்ராஜெயாவிலும் தொடங்கினார்கள். நிபுணரைத் தேர்ந்தெடுக்கலாம், தனி அறை கிடைக்கும், மானியம் கிடையாது. மருத்துவ அட்டை நல்ல வரம்போடு இருப்பவர்களுக்கு இது பொருத்தமாக இருக்கலாம். உங்கள் அப்பாவின் 60,000க்கு நான் மூன்றாம் வகுப்பையே சொல்வேன்.

அந்த 60,000ஐ என்ன செய்வது? அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பரிசோதனைகளுக்கு அது பயன்படும். அரசாங்கத்தில் எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்டுக்கு (வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளிருந்து எடுக்கும் ஸ்கேன்) தேதி தள்ளிப் போனால், அறுவைக் குழு அது வேண்டும் என்று சொன்னால், அதை மட்டும் தனியாரில் செய்துகொள்ளலாம். பாலிசியைக் கையில் எடுத்து வரிக்கு வரி படியுங்கள். ஆண்டு வரம்பு மட்டும் முக்கியமில்லை. பழைய பாலிசிகளில் அறுவைக்கு இவ்வளவு, ஐசியூவுக்கு இத்தனை நாள், அறைக்கு நாளுக்கு 150 வெள்ளி என்று உள்வரம்புகள் இருக்கும். வரம்புக்கு மேலான அறையில் தங்கினால் முழுப் பில்லிலும் ஒரு சதவீதத்தை நீங்கள் கட்ட வேண்டும் என்ற விதியும் சில பாலிசிகளில் உண்டு. ஆண்டு வரம்பு எந்தத் தேதியில் புதுப்பிக்கப்படுகிறது என்று பாருங்கள். அறுவை ஒரு பாலிசி ஆண்டிலும் கீமோ அடுத்த ஆண்டிலும் விழுந்தால் வரம்பு மறுபடி திறக்கும், ஒரு நோய்க்கு இவ்வளவுதான் என்ற விதி இல்லாத பாலிசியாக இருந்தால். அரசாங்க மருத்துவமனையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரொக்கம் தரும் பிரிவு பல மருத்துவ அட்டைகளில் இருக்கிறது. ஏஜென்ட் அதை நினைவுபடுத்தவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

அட்டை வேறு, கடும் நோய்ப் பாலிசி வேறு. அப்பா எப்போதோ வங்கிக் கடனோடோ நண்பர் ஏஜென்டுக்காகவோ எடுத்த ஆயுள் காப்புறுதியில் 36 கடும் நோய்கள் என்று ஒரு இணைப்பு இருக்கலாம். புற்றுநோய் என்று திசு அறிக்கை வந்தால் அது மொத்தத் தொகையாகக் கையில் வரும், எந்த மருத்துவமனையில் படுத்தாலும் வரும். அலமாரியில் இருக்கும் எல்லாக் கோப்புகளையும் இந்த வாரமே புரட்டிப் பாருங்கள். தனியாரில் படுக்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: ‘ஜிஎல் வந்துவிட்டது’, அதாவது காப்புறுதி நிறுவனத்தின் உறுதிக் கடிதம் வந்துவிட்டது என்றால், முழுச் செலவும் ஏற்கப்பட்டது என்று அர்த்தமில்லை. முதல் உறுதிக் கடிதம் ஒரு தொடக்கத் தொகைக்குத்தான் வரும், பிறகு நிறுவனம் பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்டு ஆராயும், கடைசிப் பில்லில் ஏற்காதவற்றைக் கழிக்கும். சிகிச்சைக்கு முன்பே மதிப்பீடு கேட்கவும், வரிவரியாகப் பிரித்த பில் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

ரோபோ அல்லது துளை வழி விப்பிள் செய்கிறோம், காயம் சிறிது, சீக்கிரம் வீடு திரும்பலாம் என்று கூடுதல் தொகை சொன்னால், அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். துளை வழி விப்பிளைத் திறந்த அறுவையோடு ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வு ஒன்றைத் துளை வழிக் குழுவில் இறப்பு கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள், 2019இல் அது வெளியானது. பழகிய கைகளில் நல்ல முடிவுகள் வருவதும் உண்மை. ஆனால் திறந்த அறுவை செய்துகொண்டவர் இரண்டாம் தரச் சிகிச்சை பெற்றவர் இல்லை.

பணம் வரக்கூடிய மற்ற இடங்கள். அப்பாவுக்கு 55 தாண்டிவிட்டதால் ஊழியர் சேமநிதியில் மிச்சமிருப்பதை அவர் எடுக்கலாம். பிள்ளையாகிய நீங்களும், பெற்றோரின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக உங்கள் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து விண்ணப்பிக்கலாம். 2024 மே மாதத்தில் சேமநிதி மூன்று கணக்குகளாகப் பிரிந்தது, மாதாமாதம் போகும் சந்தாவில் 15 சதவீதம் அந்தக் கணக்குக்கும் 10 சதவீதம் ஃப்ளெக்சிபல் கணக்குக்கும் போகிறது. காப்புறுதியோ முதலாளியோ கொடுத்த பகுதியை மறுபடி சேமநிதியில் கேட்க முடியாது, ரசீதுகளைப் பிரித்து வையுங்கள். வருமான வரியில் பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு, அந்த ரசீதுகளே அதற்கும் உதவும். நோயாளி 60 வயதுக்குக் கீழே, வேலையில் இருப்பவராக இருந்தால் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் இயலாமை ஓய்வூதியத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பொருந்தும்.

அரசாங்க மருத்துவமனையில் மருத்துவச் சமூகப் பணி அதிகாரி என்று ஒருவர் இருப்பார். நம் ஆட்கள் அவரைத் தேடிப் போவதே இல்லை, இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மருத்துவமனை இருப்பில் இல்லாத கருவியோ மருந்தோ வாங்கச் சொன்னால், 2005இல் அமைக்கப்பட்ட மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பம் அவர் வழியாகத்தான் போகும். அரசு ரொக்க உதவி பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பெக்கா பி40 திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 ரிங்கிட் வரை ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் 500 ரிங்கிட் வரை போக்குவரத்துச் செலவும் உண்டு. மக்னா என்ற தேசிய புற்றுநோய் மன்றம் வசதி குறைந்த நோயாளிகளுக்கு மாத உதவி தருகிறது. தமிழ் முஸ்லிம் குடும்பமென்றால் அந்தந்த மாநில ஜக்காத் அலுவலகத்தையும் அணுகலாம். இதையெல்லாம் பார்ப்பதற்கு முன்னால் அப்பாவின் அடையாள அட்டையைப் படம் எடுத்து முகநூலில் போட்டு நிதி கேட்காதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் தம்பிமார்களுக்குக் கணக்கே வேறு. வெளிநாட்டவர் அரசாங்க மருத்துவமனையிலும் மானியமில்லாத கட்டணம்தான் கட்ட வேண்டும், அந்நியத் தொழிலாளர் காப்புறுதியில் ஆண்டு வரம்பு 20,000 ரிங்கிட். காமாலையைச் சரிசெய்து உடம்பு பயணம் தாங்கும் நிலைக்கு வந்ததும் ஊருக்குப் போய், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு அரசு மருத்துவமனையில் சேருவது அவர்களுக்குப் பெரும்பாலும் நல்லது. தூதரகத்திடமும் முதலாளியிடமும் பயணச் செலவைக் கேட்க வேண்டும்.

உங்கள் சென்னை யோசனைக்கு வருகிறேன். அங்கே மிகச் சிறந்த கணைய அறுவைக் குழுக்கள் இருக்கின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மலேசியக் குடிமகனுக்கு இங்கே சில நூறு வெள்ளியில் கிடைப்பதை அங்கே முழு விலை கொடுத்து வாங்க வேண்டும். கசிவு வந்தால் ஆறு வாரம் அங்கேயே தங்க வேண்டும்: வாடகை அறை, கூட இருப்பவரின் சம்பள இழப்பு, விசா. அப்புறம் அவர்கள் கொடுத்த அறிக்கையோடு இங்கே வந்து கீமோவுக்கு இன்னொரு குழுவைத் தேட வேண்டும். உங்கள் அட்டை வெளிநாட்டுச் சிகிச்சையை ஏற்குமா என்பதும் கேள்வி. சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பது ஆறுதல்தான், ஆனால் அது மட்டும் போதாது.

மிச்சப்படுத்தும் பணத்துக்கு வேலை இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு வேளை சாப்பாட்டோடும் கணைய என்சைம் மாத்திரை வேண்டியிருக்கும், பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க. மருத்துவமனை எவ்வளவு கொடுக்கும், எவ்வளவு வெளியில் வாங்க வேண்டும் என்று முன்பே கேளுங்கள். இந்த மாத்திரைகள் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுபவை. சைவக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு மருத்துவரிடமும் பெரியவர்களிடமும் பேசிவிடுவது நல்லது. பிறகு தெரிந்து நிறுத்திவிட்டால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் எடை இறங்கிக்கொண்டே போகும். சர்க்கரை நோய் புதிதாக வரலாம், இருப்பவருக்குக் கூடலாம். உடம்பு தேறியதும் சுமார் ஆறு மாதம் கீமோ. அந்த மாதங்களில் யாராவது ஒருவர் வேலைக்குப் போகாமல் கூட இருக்க வேண்டும். வீட்டுத் தவணை அப்போதும் வரும். அடமானம் வைத்திருந்தால் இரண்டு தவணை வரும்.

இதே மாதங்களில்தான் யாராவது வீட்டுக்கு வந்து ஜூஸ் பாட்டிலும் மூலிகைப் பொடியும் மாதம் ஆயிரக்கணக்கில் விற்பார்கள். வந்தவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் மறுத்துவிடுங்கள். சில பொடிகள் கல்லீரலைக் கெடுத்து கீமோவையே நிறுத்த வைத்துவிடும். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துவிட்டு ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொன்னால், அப்பாவுக்காக வேறொருவர் எடுக்கட்டும்.

கடைசியாக, சொல்லத் தயங்கினாலும் சொல்ல வேண்டியது. கட்டி உண்மையில் கணையப் புற்றுநோய் என்றால், அறுவை வெற்றியாக முடிந்து கீமோவும் எடுத்தவர்களில் ஐந்தாண்டைத் தாண்டுபவர்கள் பத்துக்கு இரண்டு மூன்று பேர்தான். புதிய கீமோ முறைகளால் இது முன்னேறி வருகிறது: 2018இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் வலுவான கூட்டு மருந்து எடுத்தவர்களில் பாதிப் பேர் 54 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள், பழைய மருந்தில் அது 35 மாதம். பித்தநாளமும் கணைய நாளமும் குடலில் திறக்கும் இடத்தில் வந்த கட்டியாக இருந்தால் நிலைமை இன்னும் நல்லது, எது என்று திசுப் பரிசோதனைதான் சொல்லும். ஆகவே அறுவை செய்ய முடியும் என்று சொல்லப்பட்ட உங்கள் அப்பா அந்த வாய்ப்பைக் கட்டாயம் எடுக்க வேண்டும். கணையப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும்போது ஐந்தில் ஒருவருக்குத்தான் அந்த வாய்ப்பே இருக்கிறது. ஆனால் அம்மாவின் தலைக்கு மேலிருக்கும் கூரையை அதற்கு விலையாக வைக்க வேண்டிய அவசியம் இந்த நாட்டில் இல்லை.

நாளைக் காலை தனியார் நிபுணரின் கிளினிக்கை அழைத்துப் பரிந்துரைக் கடிதத்தையும் ஸ்கேன் சிடியையும் கேளுங்கள். அவற்றோடு ரத்தப் பரிசோதனை அறிக்கை, அப்பா சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், அடையாள அட்டை நகல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு செலாயாங்கின் கல்லீரல்-கணைய அறுவைப் பிரிவு கிளினிக்குக்கு நேரில் போங்கள். தேதி தரும்போது, “காமாலை இருக்கிறது, ஸ்டென்ட் இன்னும் வைக்கவில்லை” என்று கவுண்டரில் தெளிவாகச் சொல்லுங்கள். குளிரோடு காய்ச்சல் வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே கூட்டிப் போங்கள். நிபுணரைப் பார்க்கும்போது வருஷத்துக்கு எத்தனை விப்பிள் செய்கிறீர்கள், ரத்தக் கசிவை அடைக்கும் ரேடியாலஜி வசதி ராத்திரியிலும் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். எந்த மருத்துவமனையாக இருந்தாலும் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்கலாம்.